நேரம் தெரியும், வெளிச்சம் தெரியாது: சந்திர கிரகண டைம்லாப்ஸுக்கான எக்ஸ்போஷர் கணக்கு

2018 ஜூலை 27ஆம் தேதி இரவு, கத்ர போர்னில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பாயை விரித்து மல்லாந்து படுத்திருந்தேன். நிலா உச்சந்தலைக்கு நேர் மேலே. படுத்தால்தான் கழுத்து வலிக்காமல் பார்க்க முடியும் என்ற அளவுக்கு நேர் மேலே. நள்ளிரவு தாண்டி 12.22க்குக் கிரகணம் உச்சத்தைத் தொட்டபோது, பூமியில் நிலா செங்குத்தாக நின்ற இடம் நம் மொரீஷியஸுக்கும் ரீயூனியனுக்கும் பக்கத்துக் கடல்தான். இந்த நூற்றாண்டின் மிக நீண்ட முழு கிரகணம் அது. நிலா 103 நிமிடம் நிழலுக்குள் முழுசாக மூழ்கிக் கிடந்தது. பக்கத்திலேயே செவ்வாய், அன்றைக்கென்று பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

அப்படி ஓர் இரவில் நான் எடுத்த டைம்லாப்ஸ் (சில விநாடிக்கு ஒன்றாக எடுத்த படங்களை வேகமாக ஓட்டிக் காட்டும் வீடியோ) பாதிக்குமேல் கறுப்பு. கடி விழுந்து நிலா தேய்கிற பகுதி நன்றாகவே வந்திருந்தது. முழுமை தொடங்கியதும் திரையில் ஒரு பழுப்புக் கறை. அதன் விளிம்பு எங்கே, வானம் எங்கே என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. எங்கிருந்தோ எழுதி வைத்திருந்த ஓர் எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவு) பட்டியலை அப்படியே மணிவாரியாகப் போட்டுவிட்டு, நிலாவைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்துவிட்டேன். பட்டியலில் இருந்த எண்கள் பிரகாசமான கிரகணத்துக்கானவை. அன்று நிலா நிழலின் ஏறத்தாழ மையத்தின் வழியாகவே போனதால் இருட்டு அதிகம்.

கிரகணத்தின் நேரத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே நிமிட சுத்தமாகச் சொல்லிவிடலாம். வெளிச்சத்தை அப்படிச் சொல்ல முடியாது. டைம்லாப்ஸ் திட்டம் போடுகிற யாரும் இந்த இரண்டையும் தனித்தனிக் காகிதத்தில் எழுத வேண்டும் என்பது அன்று நான் படித்த பாடம்.

முதலில் வெளிச்சத்தின் அளவைப் பார்ப்போம். பௌர்ணமி நிலா என்பது வெயிலில் கிடக்கும் பாறை. இரவில் தெரிவதால் இருட்டான பொருள் என்று நினைத்துவிடுகிறோம்; அதன்மேல் விழுவது நம் வாசலில் விழுகிற அதே வெயில். அதனால்தான் எஃப் 11 (லென்ஸின் துளை, அதாவது அப்பர்ச்சர்; எண் குறைந்தால் துளை பெரிது), ஐஎஸ்ஓ 100 (சென்சாரின் ஒளியுணர்வு), 1/100 விநாடி (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) என்ற பழைய கணக்கு இன்றும் சரியாக வருகிறது. அப்பர்ச்சரை எஃப் 5.6க்குத் திறந்தால் 1/400 விநாடி. லென்ஸ் 24 மிமீ ஆனாலும் 400 மிமீ ஆனாலும் நிலாவின் மேற்பரப்புக்கு இதே எக்ஸ்போஷர்தான். படத்தில் நிலா சின்னதாகத் தெரிகிறதே என்று நேரத்தைக் கூட்டினால் வெள்ளைப் பொட்டுதான் கிடைக்கும்.

அதே எஃப் 5.6இல், ஓரளவு பிரகாசமான முழு கிரகணத்துக்கு ஐஎஸ்ஓ 1600, ஒரு விநாடி தேவைப்படும். ஸ்டாப் கணக்கில் இரண்டுக்கும் உள்ள தூரம் ஏறத்தாழ 13. ஒரு ஸ்டாப் என்றால் இரட்டிப்பு. 13 முறை இரட்டித்தால் 8000 மடங்கைத் தாண்டும். கிரகணம் கறுப்பாக அமைந்தால் இன்னும் நான்கைந்து ஸ்டாப் இறங்க வேண்டியிருக்கும். ஒரே இரவில், ஒரே பொருளுக்கு, இத்தனை படி இறங்கி ஏறுகிற வேலை படமெடுப்பவர்களுக்கு வேறு எங்கும் அவ்வளவாக வராது.

இந்த இறக்கம் சீரானதாக இருந்தால் கவலை இல்லை. அது சீராக இல்லை என்பதில்தான் எல்லா சங்கடமும். முதல் ஒரு மணி நேரம் நிலா புறநிழலுக்குள், அதாவது பூமி சூரியனின் ஒரு பகுதியை மட்டும் மறைக்கும் வெளிநிழலுக்குள் இருக்கும். பெரும்பகுதி நேரம் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. கடி விழுவதற்கு இருபது, முப்பது நிமிடம் முன்பு ஒரு பக்கம் புகை படிந்ததுபோல் மங்கும். அதற்கு அரை ஸ்டாப் கூட்டினால் போதும். பிறகு நடுவிலுள்ள முழு நிழலான கருநிழல் கடிக்கத் தொடங்கும். பாதி நிலா மறைந்த பிறகும் மிச்சமிருக்கும் வெள்ளைப் பகுதி நல்ல வெளிச்சத்தோடுதான் இருக்கும், எஃப் 5.6, ஐஎஸ்ஓ 100இல் 1/250. முக்கால் மறைந்தால் 1/125. கடைசிக் கீற்று மட்டும் நிற்கும்போது 1/30 வரை போகலாம், ஏனென்றால் அந்தக் கீற்று புறநிழலின் ஆழமான பகுதியில் இருக்கிறது. ஆக, கடி விழுந்ததிலிருந்து ஒரு மணி நேரத்தில் நாம் இறங்கியது நாலு ஸ்டாப் கூட இல்லை. மிச்சம் ஒன்பது ஸ்டாப்பும் முழுமையைச் சுற்றிய சில நிமிடங்களில் மொத்தமாக வந்து நிற்கும்.

அந்தச் சமயத்தில் ஒரு ஃபிரேமுக்குள்ளேயே இரண்டு உலகம். கீற்றுக்கு அளந்தால் நிழல் பகுதி கறுப்பு. நிழலின் செம்பு நிறத்துக்கு அளந்தால் கீற்று வெந்து வெளுத்து, அதன் ஒளி சுற்றிலும் பரவும். எந்த சென்சாரும் இரண்டையும் ஒருசேர அழகாகப் பிடித்து நான் பார்த்ததில்லை. இங்கே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். நான் எடுக்கிற முடிவு இது: ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு மறையும் வரை வெள்ளைப் பகுதிக்கே விசுவாசமாக இருப்பது, அதற்குப் பிறகு நிழலின் பக்கம் சாய்வது. சாய்கிற அந்தச் சில நிமிடங்களில் கீற்று வெளுத்துப் போனாலும், திரையில் பார்க்கிறவருக்கு அது ஒளி அணைகிற உணர்வைத்தான் தரும். கண்ணும் அப்படித்தான் பார்க்கிறது.

சாய்வதை எப்படிச் செய்வது? திடீரென்று தாவினால் படம் துடிக்கும். 13 ஸ்டாப்பையும் மூன்றில் ஒரு பங்கு படிகளாக உடைத்தால் 39 படி. முழுமையைச் சுற்றி 20 நிமிடத்துக்குள் மொத்தமும் இறங்க வேண்டியிருந்தாலும், 31 விநாடிக்கு ஒரு படி வரும். பத்து விநாடி இடைவெளியில் எடுத்தால் மூன்று ஃபிரேமுக்கு ஒரு படி. நடைமுறையில் முன்பே நாலு ஸ்டாப் இறங்கிவிட்டதால் இன்னும் நிதானமாகவே போகலாம். படிகளை ஷட்டரிலும் ஐஎஸ்ஓவிலும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்பர்ச்சரைத் தொடவே வேண்டாம். அதன் தகடுகள் ஒவ்வொரு முறையும் மயிரிழை வித்தியாசத்தில் நிற்பதால், ஃபிரேமுக்கு ஃபிரேம் மினுக்கல் வரும். மிச்சமிருக்கும் சிறு சிறு படிகளைப் பிறகு கணினியில் தடவிச் சமமாக்கிவிடலாம். கேமராவின் தானியங்கி எக்ஸ்போஷரை இதற்கு நம்ப முடியாது. ஃபிரேம் முழுக்கக் கறுப்பு வானம். நடுவில் ஒரு பொட்டு. கேமரா வானத்துக்கு அளந்து நிலாவைச் சுட்டெரித்துவிடும்.

சரி, முழுமைக்குள் போய்விட்டோம். இனிமேல்தான் பட்டியல் கைவிடும் இடம்.

கிரகண நிலாவைச் சிவக்க வைப்பது பூமியின் காற்று. பூமியின் விளிம்பு முழுவதும் அந்த நேரத்தில் ஒரே வளையமாக விடியலும் அஸ்தமனமுமாக இருக்கும். அந்த வளையத்தின் வழியே வளைந்து நுழைகிற சிவப்பு ஒளி நிலாவில் விழுகிறது. நீலம் வழியிலேயே சிதறிப்போய்விடுகிறது. ஆகவே காற்று எவ்வளவு தெளிவோ, நிலா அவ்வளவு பிரகாசம். பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே டான்ஜோன் 1921இல் இதற்கு 0 முதல் 4 வரை ஓர் அளவுகோல் வைத்தார். 4 என்றால் பளபளக்கும் செம்பு. 0 என்றால் நிலா இருக்கிற இடமே தெரியாது. 1963இல் பாலித் தீவின் ஆகுங் எரிமலை வெடித்த பிறகு, அந்த ஆண்டு டிசம்பர் 30 கிரகணம் அப்படித்தான் இருண்டது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ வெடித்தது. ஒன்றரை ஆண்டு கழித்து, 1992 டிசம்பர் 9 கிரகணமும் கன்னங்கரேல். எங்கோ ஓர் எரிமலை கக்கிய தூசி, இங்கே என் ஷட்டர் நேரத்தைத் தீர்மானிக்கிறது. இது எனக்கு இன்றும் ஆச்சரியம் தீராத விஷயம்.

இதோடு, நிழலுக்குள் நிலா எந்த வழியாகப் போகிறது என்பதும் சேரும். ஓரமாகப் போனால் ஒரு விளிம்பு வெளிறி இருக்கும். நடுவாகப் போனால் 2018 மாதிரி மொத்தமும் இருளும். 2025 செப்டம்பர் 7ஆம் தேதிக் கிரகணத்தில் நமக்கு இரவு 9.30 முதல் 10.52 வரை 82 நிமிட முழுமை இருந்தது. அந்த 82 நிமிடத்துக்குள்ளேயே தொடக்கத்துக்கும் நடுவுக்கும் ஒரே எக்ஸ்போஷர் ஒத்துவராது. ஆகவே முழுமைக்குள் பட்டியலை மூடிவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு ஃபிரேமைப் பெரிதாக்கிப் பார்த்து, ஹிஸ்டோகிராமில் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) சிவப்பு மட்டும் தனியாக எங்கே நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். மூன்று நிறங்களையும் சேர்த்துக் காட்டும் ஹிஸ்டோகிராம் ஏமாற்றும். அது சாதாரணமாக இருக்கும்போதே சிவப்பு முட்டி நின்றிருக்கும். முழுமை தொடங்கிய சில நிமிடத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு: நிழலின் ஓரத்தில் மெல்லிய நீலப் பட்டை ஒன்று தெரியும். மேல் வளிமண்டல ஓசோன் சிவப்பை உறிஞ்சி நீலத்தை விடுவதால் வருவது. அதைப் பிடிக்க வேண்டுமானால் ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலை) ஏறத்தாழ 5200 கெல்வினில் பூட்டி, ரா கோப்பாக (கேமரா மாற்றியமைக்காத மூலக் கோப்பு) எடுக்க வேண்டும். ஆட்டோவில் விட்டால் கேமரா செம்பையும் நீலத்தையும் சேர்த்துச் சாம்பலாக்கிவிடும்.

ஒரு விநாடி, இரண்டு விநாடி என்று திறக்கிறோமே, நிலா நகராதா? நகரும். வானம் மணிக்கு 15 டிகிரி சுழல்வதால், நிலா தன் அகலத்தை இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். சாதாரண கேமராவில் 200 மிமீ லென்ஸோடு ஒரு விநாடி திறந்தால் மூன்றரை பிக்சல் இழுபடும். இது பொறுத்துக்கொள்ளக்கூடிய எல்லை. 400 மிமீ என்றால் அரை விநாடி. அதற்கு மேல் வேண்டுமானால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள், இல்லையென்றால் வானத்தின் சுழற்சியோடு கேமராவைத் திருப்பும் டிராக்கர் வையுங்கள். டிராக்கரில் நட்சத்திர வேகத்திலேயே ஓட விட்டாலும், மூன்றரை மணி நேரத்தில் நிலா நட்சத்திரங்களிலிருந்து ஒன்றே முக்கால் டிகிரிதான் விலகும். 400 மிமீ ஃபிரேமுக்குள் அது அடங்கிவிடும். டிராக்கரின் அச்சு வானத்தின் துருவத்தைப் பார்த்து நிற்க வேண்டும். நம் தீவில் துருவ நட்சத்திரம் தெரியாது. தென்துருவம் அடிவானத்திலிருந்து 20 டிகிரியில், கண்ணுக்கு எளிதில் பிடிபடாத மங்கலான நட்சத்திரத்தின் பக்கத்தில் இருக்கிறது. திசைகாட்டியை வைத்து, ஊசி உண்மையான தெற்கிலிருந்து விலகிக் காட்டும் அளவைத் திருத்திக்கொண்டு தெற்கே பார்த்து, 20 டிகிரி சாய்த்து நிறுத்தினாலே சில விநாடி எக்ஸ்போஷருக்குப் போதும். 24 மிமீ அகல லென்ஸில் இந்தத் தொல்லையே இல்லை. நாலு விநாடி திறந்தாலும் இரண்டு பிக்சல்தான்.

அகல லென்ஸுக்கு வேறு கணக்கு இருக்கிறது: நிலா எங்கிருந்து எங்கே போகும்? கடி விழுந்து விலகும் வரை மூன்றரை மணி நேரம் என்றால் 52 டிகிரி. முழு ஃபிரேம் கேமராவில் 35 மிமீ லென்ஸின் அகலம் 54 டிகிரி. தொட்டுக்கொண்டு நிற்கும், நம்ப முடியாது. 24 மிமீ 74 டிகிரி பிடிக்கும். தமிழில் எழுதப்படுகிற குறிப்புகள் பெரும்பாலும் தமிழ்நாட்டு வானத்துக்கானவை. அங்கே தெற்கே பார்த்து நின்றால் நிலா இடமிருந்து வலமாகப் போகும். இங்கே பெரும்பாலான இரவுகளில் வடக்கே பார்த்துதான் நிற்கிறோம். நிலா வலமிருந்து இடமாகப் போகும். கடியும் அங்கே இடப்பக்கம் விழுந்தால் இங்கே வலப்பக்கம். முதல் ஃபிரேமில் நிலாவை வலப்பக்க மூலையில் வைக்காமல் விட்டால், இரண்டு மணி நேரம் கழித்து அது ஃபிரேமை விட்டே போயிருக்கும். என் தமிழ் வகுப்பில் ஒரு பிள்ளை, பாடப்புத்தகத்துப் படத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் நிலா முயல் எங்கள் வீட்டு மாடியில் ஏன் தலைகீழாகத் தொங்குகிறது என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் இந்தப் பத்தி முழுவதும் இருக்கிறது.

இடைவெளிக்கு நான் பத்து விநாடி வைக்கிறேன். மூன்றரை மணி நேரம் என்றால் 1260 ஃபிரேம். விநாடிக்கு 25 என்று ஓட்டினால் 50 விநாடிப் படம். ரா கோப்பு ஒன்று 28 எம்பி என்றால் மொத்தம் 35 ஜிபி. கார்டையும் பேட்டரியையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். ஒரே படத்தில் நிலாக்களை வரிசையாகக் கோக்க வேண்டுமானால் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். இரண்டு நிலாவுக்கு நடுவே ஒன்றரை நிலா இடம் கிடைக்கும். ஃபோகஸை கிரகணத்துக்கு முன்பே, நிலாவின் விளிம்பை லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி வைத்து, டேப் ஒட்டிவிடுங்கள். முழுமையில் ஃபோகஸ் போய்விட்டால் திரும்பப் பிடிக்க அங்கே வெளிச்சம் கிடையாது. கடற்கரையென்றால் லென்ஸில் பனி இறங்கும். ஒரு சின்ன சூடேற்றும் பட்டை இருந்தால் நிம்மதி.

முன்னணியில் ஒரு கோபுரமோ மலையோ வேண்டும் என்றால், நிலா தாழ்வாக இருக்க வேண்டும். 2018இல் அது முடியவே முடியாத காரியம். என் முக்காலியின் தலை 90 டிகிரி திரும்பவே மறுத்தது. கடைசியில் ஒரு காலை மடக்கி, சுவரில் சாய்த்து நிறுத்தினேன். அதோடு கோயில் பக்கம் போய் நிற்பதும் சரிவராது. கிரகண நேரத்தில் நடை சாத்தியிருக்கும். என் பாட்டி இருந்தவரை, வீட்டுத் தண்ணீர்ப் பானையிலும் ஊறுகாய் ஜாடியிலும் தர்ப்பை கிள்ளிப் போடாமல் எங்களை மாடிக்கு அனுப்பியதில்லை. கிரகணம் விட்டதும் குளித்துவிட்டுத்தான் கேமராப் பையைக் கூட உள்ளே கொண்டுவர விடுவார். மறுநாள் சின்னத் திரையில் அந்த ஐம்பது விநாடியைப் போட்டுக் காட்டினால், இன்னொரு முறை போடு என்று சொன்னவரும் அவர்தான். ராகு விழுங்குவது அத்தனை சீராக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லையாம்.

அடுத்து நமக்கு வருகிற முழு கிரகணம் 2028 டிசம்பர் 31. 2018க்கு நேர் எதிரான வானம். சூரியன் மறைகிற நேரத்தில் நிலா வடகிழக்கில் எழும். இரவு 7.07க்குக் கடி விழும்போது நிலா அடிவானத்துக்கு மேல் நாலு டிகிரியில்தான் இருக்கும். எழுகிற நிலா என்பதால் கடி கீழ்ப்பக்கத்திலிருந்து தொடங்கும். முழுமை 8.16 முதல் 9.28 வரை, அந்த நேரத்தில் நிலா 18 டிகிரியிலிருந்து 31 டிகிரிக்கு ஏறும். 10.36க்கு நிழல் முழுசாக விலகும்போது 41 டிகிரி. வலப்பக்கக் கீழ் மூலையிலிருந்து இடப்பக்க மேல் மூலைக்கு ஓடுகிற இந்தப் பாதையும் கொஞ்சம் தரையும் 24 மிமீ லென்ஸைப் படுக்கையாக வைத்தாலே அடங்கிவிடும்.

தாழ்வான நிலாவுக்கு எக்ஸ்போஷர் கணக்கில் ஒரு திருத்தம் வேண்டும். நாலு டிகிரியில் காற்று கனமாக இருப்பதால் இரண்டு, மூன்று ஸ்டாப் கூட்ட வேண்டியிருக்கும்; 18 டிகிரிக்கு வந்தால் அது ஒரு ஸ்டாப்புக்குள் அடங்கும். அதாவது தொடக்கத்தில், மற்ற கிரகணங்களில் எக்ஸ்போஷரைக் கூட்டிக்கொண்டே போகிற நேரத்தில், இங்கே ஏறுகிற நிலா தெளிவாகிக்கொண்டும் நிழல் அதை மறைத்துக்கொண்டும் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டும். முதல் அரை மணி நேரத்துக்கு ஒரே எக்ஸ்போஷர் போதுமானதாக இருக்கலாம், ஆனால் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். 7.10 அளவில் வானத்தில் அந்தி வெளிச்சம் மிச்சமிருக்கும். தரையும் நிலாவும் ஒரே எக்ஸ்போஷரில் பொருந்துகிற அபூர்வமான பத்து நிமிடம் அதுதான். தரைக்கான நல்ல ஃபிரேம்களை அப்போதே எடுத்து வையுங்கள். பிறகு இருட்டில் தனியாக எடுத்த தரையை ஒட்டுவதாக இருந்தால், ஒட்டிய படம் என்று சொல்லிவிடுவதுதான் முறை என்று நினைக்கிறேன்.

இடம் தேர்வதில்தான் இன்னும் மனம் ஒரு நிலைக்கு வரவில்லை. வடகிழக்குக் கரையில், ரோஷ் நுவார் பக்கம் நின்றால் நிலா கடலிலிருந்தே எழும். ஆனால் காற்று அங்கேதான் மேகத்தைக் கொண்டுவந்து கொட்டும், டிசம்பர் வேறு மழைக்காலம். மேற்குக் கரையில், ஃப்ளிக் அன் ஃப்ளாக் பக்கம் வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நிலா மலைகளைத் தாண்டி ஏறி வரும் வரை காத்திருக்க வேண்டும், முதல் கடி போய்விடும். எனக்கு முதல் கடியைவிட முழுமை முக்கியம். அதனால் இன்றைய நிலையில் மேற்குதான். மழைக்குப் பேர்போன க்யூர்பிப் மேட்டுப் பகுதியை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

புத்தாண்டு இரவு என்பதால் வெடிப் புகையும் இருக்கும். பெரிய சரங்கள் நள்ளிரவுக்குத்தான். அதற்குள் நிலா நிழலை விட்டு ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். ஆனால் பிள்ளைகள் இருட்டியதுமே தொடங்கிவிடுவார்கள். ஊருக்குக் காற்று வருகிற பக்கம் நின்றுகொண்டால் புகை நம்மை விட்டு விலகிப் போகும்.

அதற்கு முன் 2028 ஜூலை 6 இரவு ஓர் ஒத்திகை கிடைக்கிறது. பகுதி கிரகணம்தான், 10.20 அளவில் நிலாவின் விட்டத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் மறையும். படிகள் இறங்கத் தேவையில்லாத இரவு. ஆனால் இன்டர்வலோமீட்டர் (குறித்த இடைவெளியில் ஷட்டரை இயக்கும் கருவி) நடுவில் நிற்கிறதா, லென்ஸில் பனி எத்தனை மணிக்கு இறங்குகிறது, பத்து விநாடிக்குள் கார்டு எழுதி முடிக்கிறதா என்பதையெல்லாம் அன்று பார்த்துவிடலாம். ஒரே ஒரு ஃபிரேமை மட்டும் ஐஎஸ்ஓ 1600, ஒரு விநாடி என்று வைத்து எடுத்துப் பாருங்கள். வெள்ளைப் பகுதி வெந்து கொட்டும். மறைந்த பக்கத்தில் செம்பு நிறம் லேசாக எட்டிப் பார்க்கும். அந்தச் செம்பு எவ்வளவு பிரகாசம் என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டால், ஆறு மாதம் கழித்து டிசம்பரில் எந்த எண்ணிலிருந்து தொடங்குவது என்பதற்கு ஒரு பிடி கிடைக்கும்.